மயிர்க்கால் கட்டிகளை ஸ்லைடில் பிரித்தறிவது எப்படி?

தோல் பயாப்ஸி பார்க்கத் தொடங்கும் மாணவர்களை முதலில் மிரட்டுவது மயிர்க்கால் கட்டிகளின் பெயர்ப் பட்டியல்தான். டிரைக்கோபிளாஸ்டோமா, டிரைக்கோஎபிதீலியோமா, டிரைக்கிலெம்மோமா, டிரைக்கோஃபாலிகுலோமா, பைலோமேட்ரிக்கோமா என எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு ஸ்லைடில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். இயல்பான மயிர்க்கால் மேலிருந்து கீழ்வரை எப்படி இருக்கும் என்பதைத் தெளிவாகப் படித்துவிட்டால், கட்டியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும்: இந்தக் கட்டி மயிர்க்காலின் எந்தப் பகுதியை உருவாக்கப் பார்க்கிறது?

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனாலும் இவற்றைப் பிரித்தறிவதில் கவனம் வேண்டியதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. தோல் புற்றுநோய்களில் மிகப் பரவலான பேசல் செல் கார்சினோமாவும், இவற்றில் பலவற்றைப் போலவே, சாயமிட்ட ஸ்லைடில் நீலமாகத் தெரியும் செல்களால் ஆனது. ஓர் இளம்பெண்ணின் கன்னத்தில் இருக்கும் சாதுவான கட்டியைப் புற்றுநோய் என்று எழுதிவிட்டால், முகத்தில் தேவையில்லாத பெரிய அறுவைச் சிகிச்சை நடக்கும். புற்றுநோயைச் சாதுவான கட்டி என்று எழுதிவிட்டால், அது அடியில் பரவிக்கொண்டே இருக்கும். இரண்டுமே நோயாளியின் முகத்தில் வந்து விடியும் தவறுகள்.

இயல்பான மயிர்க்கால்: மேலிருந்து கீழ்

தோலின் மேற்பரப்பில் உள்ள துளையிலிருந்து எண்ணெய்ச் சுரப்பியின் நாளம் வந்து சேரும் இடம் வரை உள்ள பகுதி இன்ஃபண்டிபுலம். இது மேல்தோலின் தொடர்ச்சியே. அதே போல இங்கும் துகள் அடுக்கு உண்டு. நீலத் துகள்கள் நிறைந்த செல்கள் அவை. மேலே உதிரும் கெரட்டின் (தோலின், மயிரின் கடினப் புரதம்) தளர்வாக, அடுக்கடுக்காக இருக்கும்.

எண்ணெய்ச் சுரப்பியின் நாளத்துக்குக் கீழே, மயிர் சிலிர்க்க வைக்கும் தசை வந்து ஒட்டும் இடம் வரை இஸ்த்மஸ். இங்கே கெரட்டின் உருவாகும் விதமே வேறு. துகள் அடுக்கு கிடையாது. இளஞ்சிவப்புச் செல்கள் திடீரென்று அடர்த்தியான, ஒரே சீரான சிவப்புக் கெரட்டினாக மாறிவிடும். இதற்கு டிரைக்கிலெம்மல் கெரட்டின் ஆக்கம் என்று பெயர். தலையில் வரும் கட்டிகளில் இந்த ஒரு விவரம் பல முடிச்சுகளை அவிழ்க்கும்.

அதற்கும் கீழே இருப்பது கீழ்ப்பகுதி. வெளி வேர் உறையின் செல்கள் இங்கே கிளைகோஜன் நிரம்பி வெளிறித் தெரியும். ஓரத்தில் உள்ள செல்கள் வேலிக்கால் நட்டது போல வரிசையாக நிற்கும். அவற்றைச் சுற்றித் தடித்த, இளஞ்சிவப்பான கண்ணாடிச் சவ்வு. உறையின் உட்புறத்தில் உள் வேர் உறை இருக்கிறது. அதன் செல்களுக்குள் பளிச்சென்ற சிவப்பு டிரைக்கோஹயலின் துகள்களைக் காணலாம். மேல்தோலின் துகள்கள் நீலம், இவை சிவப்பு. இந்த நிற வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிமுனையில் இருப்பது பல்பு. அங்கே மயிரை உருவாக்கும் மேட்ரிக்ஸ் செல்கள்: அடர் நீலம், சிறியவை, பெரிய உட்கரு கொண்டவை, இடைவிடாமல் பிரிபவை. மேட்ரிக்ஸின் குழிவுக்குள் கீழிருந்து நுழைந்து நிற்கும் இணைப்புத்திசு முகிழுக்கு டெர்மல் பாப்பில்லா என்று பெயர். மயிர்க்கால் உருவாவதே எபிதீலிய (மேற்பரப்புப் படலச்) செல்களும் இந்தப் பாப்பில்லாவும் ஒன்றையொன்று தூண்டுவதால்தான். கட்டிகளிலும் இந்த ஜோடியை அடையாளம் காணப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

திசு கைக்கு வரும்போதே கவனிக்க வேண்டியவை

நல்ல ஸ்லைடு இல்லாமல் நல்ல முடிவு இல்லை. திசுவின் பருமனைப் போல குறைந்தது 10 மடங்கு அளவுக்கு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் வேண்டும். வட்டக் கத்தியால் துளைத்தெடுத்த சிறிய பஞ்ச் பயாப்ஸிக்கும் சில மணி நேரமாவது ஊற வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் உட்கருவின் விவரம் கலங்கிவிடும். முழுமையாக வெட்டியெடுத்த நீள்வட்டத் துண்டென்றால் ஓரங்களுக்கு மை பூசி, 2 முதல் 3 மி.மீ. தடிமனில் குறுக்காக நறுக்கலாம். மெழுகில் பதிக்கும்போது மேல்தோல் பக்கவாட்டில் தெரியும்படி செங்குத்தாக நிறுத்த வேண்டும். சாய்ந்துவிட்டால், இயல்பான மயிர்க்கால்களின் பல்புகளே குறுக்கே வெட்டுப்பட்டு நீலத் தீவுகளாகத் தெரியும். புதியவர்கள் அதையே பேசல் செல் கார்சினோமா என்று நினைத்துவிடுவார்கள். வெட்டும் தடிமன் 3 அல்லது 4 மைக்ரான். அதற்கு மேல் போனால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எல்லாமே மோசமான கட்டி போலக் காட்சி தரும்.

படிவத்தில் நான்கு விவரங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்: வயது, உடலில் துல்லியமான இடம், கட்டி ஒன்றா பலவா, எத்தனை காலமாக இருக்கிறது. "முகத்தில் கட்டி" என்று மட்டும் எழுதி வரும் படிவத்தை வைத்துக்கொண்டு பேசுவதும், "10 வயதிலிருந்து மூக்கோரம் இரு பக்கமும் சிறுசிறு பருக்கள், அம்மாவுக்கும் உண்டு" என்ற படிவத்தை வைத்துக்கொண்டு பேசுவதும் முற்றிலும் வேறு. இரண்டாவது படிவம் நோயின் பெயரையே ஏறக்குறையச் சொல்லிவிடுகிறது.

ஸ்லைடை மேடையில் வைக்கும் முன் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து வெறும் கண்ணால் பாருங்கள். பிறகு 2 அல்லது 4 எக்ஸ் (மடங்கு உருப்பெருக்கும்) லென்ஸ். கட்டியின் உருவம் சீராக இருக்கிறதா, ஓரம் வழவழப்பாக முடிகிறதா, கீழே எவ்வளவு ஆழம் போகிறது, மேல்தோலோடு தொடர்பு உண்டா என்பதெல்லாம் இந்தச் சிறிய லென்ஸில்தான் தெரியும். எடுத்த எடுப்பிலேயே 40 எக்ஸுக்குப் போவது புதியவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். அங்கே போனால் நீலச் செல்கள் மட்டுமே தெரியும். மேட்ரிக்ஸ் செல்லும் பேசல் செல் கார்சினோமா செல்லும் தனியாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நீலத் தீவுகள்: தீங்கற்றதா, பேசல் செல் கார்சினோமாவா?

தினசரி வேலையில் அதிகம் தடுக்கும் இடம் இது. மயிர் முளையின் (கருவில் மயிர்க்கால் உருவாகத் தொடங்கும் மொட்டின்) செல்களைப் போன்ற சிறிய நீலச் செல்கள் தீவுகளாகவும் வலைகளாகவும் அமைந்த தீங்கற்ற கட்டி டிரைக்கோபிளாஸ்டோமா. அதிலேயே மேலோட்டமாக, முகத்தில், கொம்புக் கெரட்டின் நிரம்பிய சிறு நீர்க்கட்டிகளோடு வருவதை டிரைக்கோஎபிதீலியோமா என்கிறோம். பெரிய டிரைக்கோபிளாஸ்டோமா உள்தோலின் ஆழத்திலும் கொழுப்பு அடுக்கிலும் உருண்டையாக அமர்ந்திருக்கும். மேல்தோலோடு பெரும்பாலும் தொடர்பு இருக்காது. இரண்டையும் ஒரே குடும்பமாகக் கருதுவதே இன்றைய வழக்கம். ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பேசல் செல் கார்சினோமாவுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இடையிலான கோடுதான் முக்கியம்.

முதலில் பார்க்க வேண்டியது செல்களை அல்ல, செல்களைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமா எனும் தாங்கு திசுவை. டிரைக்கோஎபிதீலியோமாவில் நார்ச்செல்கள் நிறைந்த ஸ்ட்ரோமா ஒவ்வொரு தீவையும் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். எபிதீலியமும் ஸ்ட்ரோமாவும் சேர்ந்தே ஒரு கட்டி. அதனால் திசு சுருங்கும்போது பிளவு விழுவது இந்தத் தனி ஸ்ட்ரோமாவுக்கும் அதற்கு வெளியே உள்ள சாதாரண உள்தோலுக்கும் இடையில். பேசல் செல் கார்சினோமாவில் பிளவு விழுவது தீவின் விளிம்பிலேயே, அதாவது கட்டிச் செல்களுக்கும் ஸ்ட்ரோமாவுக்கும் நடுவில். அந்தப் பிளவுக்குள் வெளிர் நீலமாக மியூசின் எனும் கொழகொழப்பான பொருள் தெரிவதும் உண்டு. பிளவு எங்கே என்று மட்டும் 10 எக்ஸில் பார்த்தாலே பல ஸ்லைடுகள் தெளிவாகிவிடும்.

அடுத்து பாப்பில்லாவைத் தேடுங்கள். நீலத் தீவின் விளிம்பில் ஓரிடத்தில் ஒரு குழிவு. அந்தக் குழிவுக்குள் நெருக்கமாகக் கூடிய நார்ச்செல்கள். அவற்றின் உட்கருக்கள் குண்டாக, அருகருகே, சுற்றியுள்ள ஸ்ட்ரோமாவைவிடத் தெளிவாக அடர்ந்து நிற்கும். இதுதான் பாப்பில்லரி மெசன்கைமல் பாடி. டெர்மல் பாப்பில்லாவை உருவாக்க நடந்த அரைகுறை முயற்சி அது. டிரைக்கோபிளாஸ்டோமா குடும்பத்துக்கு ஆதரவாக நிற்கும் மிக நல்ல சான்று இதுவே. பேசல் செல் கார்சினோமாவிலும் அபூர்வமாகத் தென்படலாம் என்பதால், ஒன்றே ஒன்றைக் கண்டதும் முடிவெழுதிவிடக் கூடாது. பலவாகவும் தெளிவாகவும் இருந்தால் நம்பலாம்.

பேசல் செல் கார்சினோமாவின் பக்கம் நிற்கும் சான்றுகள் வேறு: மேல்தோலில் புண், சீரற்ற ஓரம், எங்கும் சிதறிய செல் மரணத் துணுக்குகள், ஏராளமான செல் பிரிதல்கள், மியூசின் கலந்த தளர்வான ஸ்ட்ரோமா. ஓரத்துச் செல்கள் வரிசைகட்டி நிற்பது இரண்டிலும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது மிகப் பரவலான பிழை. கொம்பு நீர்க்கட்டியும் அப்படித்தான்; கெரட்டின் உருவாக்கும் பேசல் செல் கார்சினோமாக்கள் உண்டு.

இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. உச்சந்தலையில் பிறவியிலிருந்தே இருக்கும் மஞ்சள் நிற வழுக்கைத் திட்டு நீவஸ் செபேசியஸ். பெரியவரானதும் அதில் நீலச் செல் கட்டி எழும்பினால், அது பெரும்பாலும் டிரைக்கோபிளாஸ்டோமாவாகவே இருக்கும். முன்பு இவற்றில் பலவற்றைப் பேசல் செல் கார்சினோமா என்று எழுதிவந்தார்கள். இரண்டாவது பொறி டெர்மட்டோஃபைப்ரோமா. கால், கை ஆகிய இடங்களில் வரும் இந்த நார்ச்செல் கட்டிக்கு மேலே உள்ள மேல்தோல், கீழுள்ள செல்களால் தூண்டப்பட்டு, மயிர் முளை போன்ற நீல மொட்டுகளை விடும். மேலோட்டமாகச் சீவி எடுத்த பயாப்ஸியில் அந்த மொட்டுகள் மட்டும் வந்து அடியிலுள்ள டெர்மட்டோஃபைப்ரோமா விடுபட்டுப் போனால் ஏமாறுவது எளிது. வெயில் படாத காலில் சிறிய "பேசல் செல் கார்சினோமா" கண்டால், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள்.

மெல்லிய இழைகள்: டெஸ்மோபிளாஸ்டிக் டிரைக்கோஎபிதீலியோமா

நடுவில் குழிந்து, ஓரம் மேடாக, 1 செ.மீ.க்கும் குறைவான உறுதியான திட்டு. பெரும்பாலும் பெண்களின் கன்னத்திலோ தாடையிலோ வரும். ஸ்லைடில் ஒன்று முதல் மூன்று செல் அகலமுள்ள நீல இழைகள், தடித்த நார்ப்பொருளுக்கு நடுவே நெருக்குண்டு கிடக்கும். கூடவே கொம்பு நீர்க்கட்டிகள். அவற்றில் சில உடைந்து, வெளியேறிய கெரட்டினைச் சுற்றி அந்நியப் பொருள் வகை ராட்சதச் செல்கள் கூடியிருக்கும். கால்சியம் படிவும் அடிக்கடி உண்டு. மேல்தோலில் புண் இருக்காது. செல்கள் அமைதியானவை, பிரிதல்கள் அரிது. கட்டி உள்தோலின் மேல்பாதி, நடுப்பகுதியோடு நின்றுவிடும்.

இதே தோற்றத்தில் வரும் மூன்று பேரைக் கவனிக்க வேண்டும். தழும்பு போல இறுகி வரும் மார்ஃபியா வகை பேசல் செல் கார்சினோமாவிலும் மெல்லிய இழைகள்தான், ஆனால் அவை ஆழமாக ஊடுருவும். செல் மரணத் துணுக்குகளும் பிரிதல்களும் தெரியும். கொம்பு நீர்க்கட்டிகள் குறைவு. சிரிங்கோமா வியர்வை நாளக் கட்டி; கண்ணிமைக்குக் கீழே பலவாக வரும், இரண்டு அடுக்குச் செல்கள் சூழ்ந்த நாளங்கள் தெளிவாக இருக்கும். மூன்றாவதுதான் ஆபத்தானது: மைக்ரோசிஸ்டிக் அட்நெக்ஸல் கார்சினோமா. உதட்டைச் சுற்றியும் முகத்தின் நடுப்பகுதியிலும் வரும் இந்தப் புற்றுநோய்க்கு மேலே கெரட்டின் நீர்க்கட்டிகள், கீழே போகப் போக நாளங்கள், அதற்கும் கீழே தசைக்குள்ளும் நரம்பைச் சுற்றியும் ஊடுருவும் ஒற்றைச் செல் வரிசைகள். செல்கள் கடைசிவரை அமைதியாகவே இருக்கும். 40 எக்ஸில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது புற்றுநோய் என்று செல்லின் முகத்தில் எழுதியிருக்காது. ஆழமும் நரம்பைச் சுற்றிய ஊடுருவலும் நாளங்களும் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

மேலோட்டமான ஷேவ் பயாப்ஸியின் கேடு இங்கே புரியும். மூன்றுக்கும் மேல்பாதி ஒன்றுபோலவே இருப்பதால், அடிப்பகுதி இல்லாத துண்டை வைத்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட திட்டுக்குக் கொழுப்பு அடுக்கு வரை போகும் பஞ்ச் அல்லது முழு அகற்றலைக் கேட்டு வாங்குவதே சரி. துண்டின் அடி விளிம்பைக் கட்டி தொட்டுக்கொண்டிருந்தால் அதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

பைலோமேட்ரிக்கோமா: நீலமும் நிழலும்

பல்பின் மேட்ரிக்ஸை உருவாக்கப் பார்க்கும் கட்டி இது. குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் தலை, கழுத்து, கைகளில் கல் போல உறுதியாகத் தொட்டுணரலாம். 1880இல் மல்ஹெர்ப், ஷெனந்தே ஆகிய இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தபோது எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எழுந்து சுண்ணாம்பு படிந்த கட்டி என்றே கருதினார்கள். மயிர் மேட்ரிக்ஸின் கட்டி என்பதைக் காட்டி இதற்கு பைலோமேட்ரிக்சோமா என்று 1961இல் பெயரிட்டவர்கள் ஃபோர்பிஸும் ஹெல்விக்கும்.

ஸ்லைடில் இரண்டு வகைச் செல்கள். ஒன்று, மேட்ரிக்ஸ் போன்ற அடர் நீலச் செல்கள். மற்றொன்று, நிழல் செல்கள்: இளஞ்சிவப்புச் சைட்டோபிளாசம், தெளிவான செல் எல்லை, நடுவில் உட்கரு இருந்த இடத்தில் சாயமேறாத வெற்றிடம். நீலச் செல் படிப்படியாக உட்கருவை இழந்து நிழலாக மாறும் இடைநிலையை ஒரே புலத்தில் காணலாம். 40 எக்ஸில் அந்த விளிம்பை நகர்த்திப் பார்த்தால் முதலில் உட்கரு சுருங்கிக் கருக்கும், அடுத்த வரிசையில் மங்கும், அதற்கடுத்து வட்டமான வெறுமை மட்டும் மிஞ்சும். நிழல் செல்களைச் சுற்றி ராட்சதச் செல்கள், கால்சியம், சிலவற்றில் எலும்பே உருவாகியிருக்கும். கட்டிக்கு வயதாக ஆக நீலச் செல்கள் குறையும். பழைய கட்டியில் நிழலும் சுண்ணாம்பும் மட்டுமே மீதி.

இதில் நேரும் பிழைகள் மூன்று. புதிய கட்டியில் செல் பிரிதல்கள் மிக அதிகம். மேட்ரிக்ஸின் இயல்பே அதுதான். அதைக் கண்டு புற்றுநோய் என்று பதறக் கூடாது. பைலோமேட்ரிக்ஸ் கார்சினோமா என்று சொல்ல, சுற்றுத் திசுவுக்குள் சீரற்ற ஊடுருவல், நசிவு, அசாதாரண வடிவப் பிரிதல்கள் ஆகியவை சேர்ந்து வர வேண்டும்.

இரண்டாவது பிழை ஊசி உறிஞ்சல் பரிசோதனையில். குழந்தையின் கழுத்திலோ காதுக்கு முன்னாலோ உள்ள கட்டியிலிருந்து நீலச் செல்கள் மட்டும் வந்தால், சிறு வட்டச் செல் புற்றுநோய் என்றோ உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி என்றோ படித்துவிட வாய்ப்பு அதிகம். அதே ஸ்லைடில் நிழல் செல் கொத்து, ராட்சதச் செல், கால்சியத் தூள் இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடுங்கள். கட்டி தோலோடு ஒட்டி நகர்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உறிஞ்சிய செல்களை மெழுகில் பதித்து வெட்டும் செல் பிளாக் செய்ய முடிந்தால் செய்துவிடுவது நல்லது.

மூன்றாவது பிழை ஆய்வகத்திலேயே உருவாவது. சுண்ணாம்பு படிந்த திசுவை அப்படியே வெட்டினால் கத்தி பழுதாகி ஸ்லைடு முழுக்கக் கீறல் விழும். அதனால் அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியத்தைக் கரைக்கிறோம். வன்மையான அமிலத்தில் அளவுக்கு மீறி ஊறினால் உட்கருக்கள் நீலச் சாயமான ஹெமட்டாக்சிலினை ஏற்காமல் வெளுத்துவிடும். அப்போது உயிருள்ள செல்கள்கூட நிழல் செல்களாகத் தோன்றும். சோதிக்க எளிய வழி உண்டு: சுற்றியுள்ள நார்ச்செல்கள், இரத்தக்குழாய்ச் சுவர், ராட்சதச் செல்கள் ஆகியவற்றின் உட்கருக்கள் நன்றாக நீலமேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவையும் வெளுத்திருந்தால் குறை சாயத்தில். அவை நீலமாக இருந்து நடுவில் உள்ளவை மட்டும் வெறுமையாக இருந்தால் உண்மையான நிழல் செல்கள். ஃபார்மிக் அமிலம் போன்ற மென்மையானதைப் பயன்படுத்தி, அடிக்கடி எடுத்துப் பார்த்து நிறுத்துவது பாதுகாப்பு.

இந்தக் கட்டியின் பின்னணியில் இருப்பது பீட்டா கேட்டெனின் மரபணு மாற்றம். குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்பொருள் கொண்டு பழுப்பாகக் காட்டும் இம்யூனோ சாயத்தில் நீலச் செல்களின் உட்கருவே பழுப்பேறும். பல பைலோமேட்ரிக்கோமாக்கள் ஒருவருக்கே வந்தால் மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி (மரபுவழித் தசை நோய்), கார்ட்னர் நோய்த்தொகுப்பு (பெருங்குடலில் ஏராளமான பாலிப்கள் வரும் மரபு நோய்) போன்றவை உண்டா என்று விசாரிக்கச் சொல்ல வேண்டும்.

வெளிறிய செல்கள்: டிரைக்கிலெம்மோமா

வெளி வேர் உறையின் கீழ்ப்பகுதியை உருவாக்கப் பார்ப்பது. முகத்தில் மரு போலத் தெரியும். மேல்தோலிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் வழவழப்பான மடல்கள், கிளைகோஜன் நிரம்பிய வெளிறிய செல்கள், ஓரத்தில் வரிசைகட்டிய உட்கருக்கள், சுற்றிலும் தடித்த இளஞ்சிவப்புச் சவ்வு. முன்பு பார்த்த இயல்பான அமைப்பு அப்படியே இங்கே திரும்பி வருகிறது. கிளைகோஜனைக் காட்டும் பிஏஎஸ் சாயத்தில் செல்களும் சவ்வும் செந்நீலமாகும். டயாஸ்டேஸ் நொதி இட்டபின் அதே சாயத்தைப் போட்டால் செல்களின் நிறம் போய்விடும், சவ்வின் நிறம் நிற்கும். கிளைகோஜன் நொதியில் கரைந்துவிடுவதே காரணம். சிடி 34 என்ற புரதத்துக்கான இம்யூனோவும் இந்தச் செல்களில் பாசிட்டிவ் ஆகும்.

இதன் டெஸ்மோபிளாஸ்டிக் வகையில் நடுப்பகுதிச் செல்கள் கண்ணாடி போன்ற நார்ப்பொருளுக்குள் ஒழுங்கற்ற இழைகளாகச் சிதறும். நடுப்பகுதியிலிருந்து மட்டும் எடுத்த சிறு பயாப்ஸியில் ஊடுருவும் புற்றுநோய் என்றே தோன்றும். ஓரத்தில் வழக்கமான மடல் இருக்கிறதா என்று தேடுவதுதான் காப்பாற்றும்.

முகத்தில் பல டிரைக்கிலெம்மோமாக்கள் என்றால் கௌடன் நோய்த்தொகுப்பை நினைக்க வேண்டும். பிடென் மரபணுவின் பழுது அது. மார்பகம், தைராய்டு, கருப்பை உள்வரி ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பை உயர்த்துகிறது. ஒரு சிறிய மரு போன்ற திசுவின் அறிக்கை ஒருவரை மார்பகப் பரிசோதனைக்கு அனுப்பி வைக்கும் என்பதால், இதைச் சாதாரண மரு என்று கடந்துவிடுவது பெரிய இழப்பு.

தலையில் வரும் நீர்க்கட்டிகளும் மற்றவையும்

உச்சந்தலையின் உருண்டை நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை டிரைக்கிலெம்மல் வகை. துகள் அடுக்கு இல்லை, கெரட்டின் அடர்த்தியாகச் சிவந்திருக்கும். முகத்திலும் முதுகிலும் வரும் எபிடெர்மாய்டு நீர்க்கட்டியில் துகள் அடுக்கு உண்டு, கெரட்டின் தளர்வான அடுக்குகள். இஸ்த்மஸ், இன்ஃபண்டிபுலம் என்று முன்பு பிரித்துப் பார்த்ததன் பயன் இதுவே. மூத்த பெண்களின் தலையில் டிரைக்கிலெம்மல் நீர்க்கட்டியின் சுவர் பெருகி, சுருண்ட மடல்களாக வளர்ந்தால் அது ப்ரொலிஃபரேட்டிங் பைலார் கட்டி. ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவாகத் தவறாகப் படிக்கப்படுவது சகஜம். ஓரம் வழவழப்பாகச் சுற்றுத் திசுவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறதா, திடீர்க் கெரட்டின் மாற்றம் உண்டா என்று பாருங்கள். ஓரம் உடைந்து ஊடுருவத் தொடங்கி, உட்கருக்கள் தாறுமாறானால் அது புற்றுநோய் வகை.

மூக்கில் நடுத்துளையிலிருந்து வெண்மயிர்க் கொத்து எட்டிப் பார்த்தால் டிரைக்கோஃபாலிகுலோமா. நடுவில் விரிந்த தாய் மயிர்க்கால், அதிலிருந்து சுற்றிலும் கிளைக்கும் குட்டி மயிர்க்கால்கள். இன்ஃபண்டிபுலத்தின் கட்டி என்று அழைக்கப்படுவதோ மேல்தோலுக்கு இணையாக, அதனோடு பல இடங்களில் தொட்டுக்கொண்டு, தட்டையாகப் பரவும். எலாஸ்டிக் சாயம் போட்டால் அடியில் நார்கள் வலையாகத் தெரியும். ஃபைப்ரோஃபாலிகுலோமாவில் நடு மயிர்க்காலிலிருந்து இரண்டு முதல் நான்கு செல் தடிமனுள்ள இழைகள் கிளம்பி நார்த்திசுவுக்குள் வலை பின்னும். இவை முகத்தில் பலவாக இருந்தால் 1977இல் விவரிக்கப்பட்ட பர்ட்–ஹாக்–டூபே நோய்த்தொகுப்பை விசாரிக்க வேண்டும்: நுரையீரல் நீர்க்கட்டிகள், திடீரென நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுதல், சிறுநீரகக் கட்டிகள். அதேபோல மூக்கோரம் பலவாக வரும் டிரைக்கோஎபிதீலியோமா சிஒய்எல்டி மரபணுவின் பழுதைச் சுட்டும். இது குடும்ப வழியாக வருவது.

இம்யூனோ சாயம் எப்போது, எவ்வளவு நம்பலாம்?

சாதாரண சாயத்தில் ஒரு கருத்து உருவான பிறகுதான் இம்யூனோ. பேசல் செல் கார்சினோமாவா, டிரைக்கோஎபிதீலியோமாவா என்ற கேள்விக்கு சிடி 10 பயனுள்ளது: முதலாவதில் கட்டிச் செல்களே, குறிப்பாக ஓரத்துச் செல்கள், பழுப்பேறும், இரண்டாவதில் சுற்றியுள்ள ஸ்ட்ரோமா பழுப்பேறும். பிசிஎல் 2 பேசல் செல் கார்சினோமாவில் தீவு முழுக்கப் பரவும், டிரைக்கோஎபிதீலியோமாவில் பெரும்பாலும் ஓர வரிசையோடு நிற்கும். சிகே 20 கட்டிக்குள் சிதறிய மெர்க்கெல் செல்களை (தொடு உணர்வுக்கான தோல் செல்கள்) காட்டினால் டிரைக்கோஎபிதீலியோமாவுக்கு ஆதரவு. அந்தச் செல்கள் ஒரு புலத்துக்கு ஒன்றிரண்டே இருக்கலாம் என்பதால் பல மட்டங்களில் வெட்டிப் பார்த்த பிறகே இல்லை என்று சொல்லுங்கள். ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ் என்றால் பேசல் செல் கார்சினோமாவுக்கு ஆதரவு. நெகட்டிவ் என்றால் எதையும் நிரூபிக்காது. பிஹெச்எல்டிஏ 1 டிரைக்கோஎபிதீலியோமாவில் பாசிட்டிவ், ஆனால் புண்ணான பேசல் செல் கார்சினோமாவிலும் ஏமாற்றலாம்.

ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கு இருப்பதால் ஒற்றைச் சாயத்தை நம்பி எழுதுவதைவிட இரண்டு மூன்றைச் சேர்த்துப் படிப்பது நல்லது. உள் கட்டுப்பாட்டையும் மறக்க வேண்டாம்: அதே ஸ்லைடில் இருக்கும் இயல்பான மயிர்க்கால் சரியாகச் சாயமேறவில்லை என்றால், கட்டியில் வந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை.

அறிக்கையில் என்ன எழுதுவது?

உறுதி இருக்கும்போது பெயரைத் தெளிவாக எழுதி, ஓரமும் அடியும் விடுபட்டிருக்கின்றனவா என்பதை மில்லிமீட்டரில் குறிப்பிடுங்கள். கட்டிகள் பல என்றால் எந்த நோய்த்தொகுப்பை விசாரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். தோல் மருத்துவர் அதை எதிர்பார்க்கிறார். துண்டு சிறியதாக, அடி வெட்டுப்பட்டு, இரண்டு பக்கமும் சான்று சமமாக நின்றால் "மயிர் முளை வகை பேசலாய்டு கட்டி, இந்த மாதிரியில் பேசல் செல் கார்சினோமாவை விலக்க இயலவில்லை, அடிப்பகுதியோடு முழுமையாக அகற்றி அனுப்பவும்" என்று எழுதலாம். எழுதிவிட்டு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். இரண்டாவது துண்டு வந்ததும் பழைய ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறிய லென்ஸிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.